கட்டியவர் பெயர்

ராஜராஜன் எங்கள் தெருவுக்குள் வந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். புல்லட்டை அணைக்காமல் வாசலில் நின்றுகொண்டு ஹாரன் அடித்தான். என் அம்மா அம்சம் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து, பெரிய வீட்டுத் தம்பிக்கு நாற்காலி எடுத்துப் போடு என்று என்னை விரட்டினாள். அவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"இனியா, ரெக்க ரெண்டும் ஒரே பக்கத்துக்கு வருதுடா," என்றான்.

விஷயம் புரிந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரிமோட்டில் பறக்கிற விமானம் ஒன்றை அவன் கட்டிக்கொண்டிருந்தான். கடையில் கிடைக்கிற பொம்மை இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் வரைந்த பிளானை வாங்கி, அதைப் பலகையில் விரித்து, அதன்மேல் மரக்குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டி எழுப்ப வேண்டிய ஐந்தடி அகல விமானம். அந்த மாதிரிப் பிளானில் ஒரு பக்கத்து இறக்கையைத்தான் வரைந்திருப்பார்கள். மற்றது அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். நாம்தான் திருப்பிப் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். நம் ஆள் ஒன்றைக் கட்டி எடுத்துவிட்டு, அதே படத்தின் மேலேயே இரண்டாவதையும் கட்டியிருக்கிறான். இரண்டு மாத வேலை, இரண்டும் வலது இறக்கை. இரண்டு வலது கால் செருப்பை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? அதிலும் வெள்ளைக்காரன் போட்ட பிளானே தப்பு என்று சாதித்தான் பாருங்கள், அதுதான் ராஜராஜன்.

நானும் அவனும் நீடாமங்கலத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சு. பிறகு அவன் சிங்கப்பூர் போய் எட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினான். நான் டிப்ளமோ முடித்துவிட்டு திருவாரூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். என் அப்பா தங்கையன் அவர்கள் நிலத்தில் முன்பு பண்ணையாள், இப்போது மூன்று ஏக்கர் குத்தகைக்காரர். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தனியாக இருக்கும்போது எனக்கும் அவனுக்கும் வாடா போடாதான். அவனுடைய அப்பா வந்து நின்றுவிட்டால் அவனிடமே என் வாயில் தானாகவே வாங்க, சொல்லுங்க வந்துவிடும். ஏன்டா இப்படிக் கூப்பிடுகிறாய் என்று அவன் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆனால் கேட்கவில்லை.

அவர்கள் வீட்டு டிராக்டர் கொட்டகையில்தான் வேலை. போய்ப் பார்த்தால் பிளானை மன்னார்குடியில் ஃபிளெக்ஸ் பேனரில் அடித்து வைத்திருந்தான். காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அடிப்பார்களே, அதே பேனர். பார்க்கப் பளபளவென்று இருந்தது, பின்பக்கம் திருப்பினால் படம் தெரியாது, உபயோகம் ஒன்றும் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, மறுநாள் தஞ்சாவூர் போய் மெல்லிய தாளில் புதிதாக அடித்துக்கொண்டு வந்தேன். பஞ்சில் நல்லெண்ணெயைத் தொட்டு அந்தத் தாள் முழுக்கத் தடவி எங்கள் வீட்டுக் கொடியில் போட்டேன். எண்ணெய் ஊறினால் தாளின் இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் தெரியும். பின்புறம் திருப்பிப் பலகையில் ஒட்டினால் வலது இறக்கையின் படம் இடது இறக்கையின் படமாகிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே யோசித்தது. கொடியில் எண்ணெய் சொட்டத் தொங்கிய தாளைப் பார்த்துவிட்டு அம்மா, இதில் என்ன பஜ்ஜி மடிக்கப் போகிறாயா என்று கேட்டாள்.

அவன் கட்டிய இரண்டில் ஒரு வலது இறக்கையையாவது வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பசையை அள்ளி அப்பியிருந்ததில் அது முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதையும் ஒதுக்கிவிட்டு வால் முதல் மூக்கு வரை எல்லாவற்றையும் நானே கட்டினேன். ஏழு மாதம் ஆயிற்று. பால்சா மரம் கூரியரில் வரும். தக்கை மாதிரி லேசாக இருக்கும், பிளேடு பட்டாலே வெட்டுப்படும். இறக்கைக்குள் மட்டும் விலா எலும்பு என்று நாங்கள் சொல்கிற குறுக்குத் துண்டுகள் முப்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் உப்புத்தாளில் தேய்த்து, தராசில் போட்டு, வலதுக்கும் இடதுக்கும் ஒரு கிராம்கூடப் பிசகாமல் பார்த்துக்கொண்டேன். ராஜராஜன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊரார் விமானம் விடுகிற வீடியோக்களைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பான். டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பான். அதில் குறை சொல்ல மாட்டேன்.

இறக்கையின் மேல் சிவப்புத் தாளை இழுத்து ஒட்டி மூடுவதற்கு முன்னால், இடது இறக்கையின் நடுச்சட்டத்தில் பென்சிலால் எழுதினேன்: 'கட்டியது த. இனியவன்.' மூடிவிட்டால் வெளியே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று அப்போது நினைத்தேன், ஏனென்றால் அது ஏற்கெனவே பேசி முடித்த விஷயம். நீ கட்டு, நான் ஓட்டுறேன், ரெண்டு பேர் பேரும் வரும் என்று அவன்தான் சொன்னான். எங்கள் டெல்டாப் பக்கத்தில் இப்படி விமானம் விடுகிற பதினேழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிளானைப் பார்த்துக் கையால் கட்டிய விமானம் என்றால், அது கிளம்புவதற்கு முன் மைக்கில் இரண்டு பெயர் சொல்லுவார்கள். கட்டியவர் இன்னார், ஓட்டுபவர் இன்னார். கட்டியவர் பெயர்தான் முதலில்.

எனக்கு அது வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அப்பா முப்பது வருஷமாக அந்த மண்ணில் நெல் விளைவிக்கிறார். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நிலத்தின் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள், அதில் இருப்பது பெரிய வீட்டுப் பெயர். அதனால் அப்பா விதைத்து, அப்பா அறுத்த நெல் வருஷா வருஷம் அவர்கள் பெயரில்தான் ஏறுகிறது. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. நான் செய்த பொருள் ஒன்றாவது என் பெயரில் கிளம்ப வேண்டும், அதை நாலு பேர் காதால் கேட்க வேண்டும், அந்த நாலு பேரில் அப்பா ஒருவராக இருக்க வேண்டும் என்று ஏழு மாதமும் நினைத்துக்கொண்டேதான் மரத்தைத் தேய்த்தேன்.

எங்கள் ஊரில் விமானம் விட நிலம் கிடைப்பதே ஒரு மாதம்தான். சம்பா அறுப்பதற்கு முன்பே வயலில் உளுந்து தெளித்துவிடுவார்கள். அந்த உளுந்தையும் எடுத்த பிறகு, மேட்டூர் தண்ணீர் வந்து குறுவைக்கு உழுகிற வரைக்கும் வயல் சும்மா கிடக்கும். அந்த மே மாதத்தில் பதினோரு தடவை பறக்கவிட்டோம். ராஜராஜன் நன்றாக ஓட்டுவான், பொய் சொல்லக் கூடாது. சிங்கப்பூரில் பழகிய கை.

ஒவ்வொரு தடவையும் மோட்டாரைப் போடுவதற்கு முன், நான் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் மண்டியிடுவேன். இரண்டு இறக்கையிலும் பின் ஓரத்தில் மேலும் கீழும் மடங்குகிற ஒரு பட்டை உண்டு. அய்லரான் என்பார்கள். ரிமோட்டில் குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது பட்டை மேலே ஏற வேண்டும், அப்போதுதான் விமானம் வலது பக்கம் சாயும். அது கீழே இறங்கினால் எல்லாம் தலைகீழ். வலது என்றால் இடது பக்கம் சாயும், ஓட்டுகிறவன் பதறிப்போய்த் திருத்தத் திருத்த இன்னும் கவிழும். அதனால் நான் சத்தம் போட்டு, வலது என்பேன். அவன் தள்ளுவான், நான் பார்த்துவிட்டுச் சரி என்பேன். பிறகு இடது, மேலே, கீழே. என் வாயிலிருந்து நாலு சரி வராமல் அவன் மோட்டாரைத் தொட மாட்டான். பட்டை ஆடுகிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அந்த வருஷக் கூட்டத்தை எங்கள் ஊரிலேயே நடத்த ராஜராஜன் ஏற்பாடு செய்தான். இடம் கீழவயல், அதாவது அப்பாவின் குத்தகை வயல். டிராக்டரில் உருளை கட்டி ஓட்டியும் கோடை வெடிப்பு மூடவில்லை என்று பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். அப்பா இரண்டு நாள் வெயிலில் நின்று, கூடை கூடையாக மண் கொட்டி வெடிப்பை அடைத்து, தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கத்தினேன்.

"உன் ப்ளேன் ஓடுற பாதைடா. சக்கரம் மாட்டிக்கிச்சுன்னா யாருக்குக் கஷ்டம்?" என்றார்.

கூட்டத்தன்று காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பந்தலுக்குள் வரச் சொன்னேன், வரவில்லை. வாய்க்கால் கரையில் பூவரசு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கும், போதும்டா என்றார்.

பந்தலில் முன்வரிசையில் ராஜராஜனின் அப்பா இருந்தார். அவர் பக்கத்தில் பூர்ணிமா என்று ஒரு அம்மாள், சென்னையிலிருந்து வந்திருந்தார். வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் விற்கிற கம்பெனியில் மேனேஜர். அந்தக் கம்பெனியின் ஏஜென்சியை எடுக்க ராஜராஜன் ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதற்கும் விமானத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஒரு மடையன்.

கூத்தாநல்லூர் சித்தீக் அண்ணன்தான் சங்கத்துச் செயலாளர். எங்கள் முறை வந்ததும் கையிலிருந்த தாளைப் பார்த்து மைக்கில் வாசித்தார். கட்டியவர், ராஜராஜன். ஓட்டுபவர், ராஜராஜன்.

அவர்தான் வரி மாறிப் படித்துவிட்டார் என்று நினைத்து, போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கட்டத்திலும் ராஜராஜனின் கையெழுத்தில் அவன் பெயர். நேராக அவனிடம் போய் நின்றேன். அவன் என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனான்.

"இன்னிக்கு ஒரு நாள்தான்டா. நானே கட்டுனேன்னு இருந்தாத்தான் அந்தம்மா நம்பி ஏஜென்சி குடுப்பாங்க. அடுத்த வருஷம் உன் பேரப் போட்டுக்கலாம்."

அவன் அப்பா பத்தடி தள்ளி உட்கார்ந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு எனக்கு என்னென்னவோ வார்த்தை இருந்தது. வாயில் வந்தது, "சரிங்க."

அந்த 'ங்க'வை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அதோடு விட்டானா? மைக்கை வாங்கிக் கதை சொல்ல ஆரம்பித்தான். முதலில் இரண்டு வலது இறக்கை கட்டிவிட்டேன் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டான். பந்தலே சிரித்தது. அப்புறம் யோசித்து யோசித்து, தாளில் நல்லெண்ணெய் தடவித் திருப்பிப் போடலாம் என்று தனக்குத் தோன்றியதாம். கொடியில் காயப் போட்டதைப் பார்த்து அவனுடைய அம்மா, இதில் என்ன பஜ்ஜி மடிக்கப் போகிறாயா என்று கேட்டார்களாம். பூர்ணிமா மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெயரை எடுத்துக்கொண்டதைக்கூட ஏதோ தொழில் விஷயம் என்று ஆற்றிக்கொண்டிருப்பேன். என் அம்மா சொன்ன ஒரு வாக்கியம், நான்தான் அவனிடம் சொல்லிச் சிரித்திருந்தேன், அது எதற்கு அவனுக்கு?

இருந்தாலும் பழக்கதோஷம், வாலைப் பிடிக்கப் போனேன். நீ கொஞ்சம் தள்ளிக்கடா, மேடம் பிடிக்கட்டும், போட்டோ எடுக்கணும் என்றான். கூட்டம் உள்ளே வராமல் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் நான் கருவிப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவன் கையிலிருந்த ரிமோட்டைக் கவனித்தேன். நாங்கள் எப்போதும் வைத்துக்கொள்வது நீல டேப் சுற்றிய பழைய ரிமோட், அதில் எல்லாவற்றையும் நான் சரிப்படுத்தி வைத்திருந்தேன். இது புதுசு, பளபளவென்று இருந்தது. அவன் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. வீடியோவில் நன்றாகத் தெரியட்டும் என்று அன்று காலையில் அவனே அதை விமானத்தோடு இணைத்துக்கொண்டு வந்திருந்தான். எந்தப் பட்டை எந்தப் பக்கம் ஆட வேண்டும் என்று அதில் நான் எதையும் சரிப்படுத்தவில்லை.

பூர்ணிமா மேடம் புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து வாலைப் பிடித்தார். ராஜராஜன் குச்சியை வலது பக்கம் தள்ளினான். வலது பட்டை கீழே இறங்கியது.

"ஆடுதுங்க," என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் தெளிவாகப் பார்த்தேன். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு நேரமும் இருந்தது. போட்டோக்காரன் இன்னொரு தடவை நிற்கச் சொன்னான், மேடம் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார், ராஜராஜன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அவ்வளவு நேரமும் என் நெஞ்சுக்குள் ஓடியது ஒன்றுதான். நீதானே கட்டினாய், நீயே பார்த்துக்கொள். வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்பா போட்ட பாதையில் சக்கரம் ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போய் அழகாக மேலே ஏறியது. தென்னை உயரம் போனதும் லேசாக இடது பக்கம் சாய்ந்தது. அவன் வலது கொடுத்தான், இன்னும் சாய்ந்தது. இன்னும் வலது கொடுத்தான். ஒரேயடியாகப் புரண்டு, அடுத்த வயல் வரப்பில் மூக்கால் குத்தியது. முறம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

ஓடிப்போனோம். பூர்ணிமா மேடமும் வெயிலில் நடந்து வந்து, என்ன ஆயிற்று, கட்டினதில் ஏதாவது கோளாறா என்று மரியாதையாகத்தான் விசாரித்தார். சித்தீக் அண்ணன் ஓடிவந்த வேகத்தில் ஒயர் இல்லாத அந்த மைக்கையும் கையோடு கொண்டுவந்துவிட்டார், அது அணைக்காமல் இருந்தது. ராஜராஜனின் முகம் வெளுத்துப் போயிருந்தது. குனிந்து இடது இறக்கையைத் தூக்கினான். சிவப்புத் தாள் கிழிந்து தொங்கியது. உள்ளே நடுச்சட்டம் உடையாமல் அப்படியே இருந்தது, பென்சில் எழுத்தோடு. அதைப் படித்தான். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு இறக்கையை அந்த அம்மாளிடம் நீட்டினான்.

"உண்மையச் சொல்லிடுறேன் மேடம். இது நான் கட்டலைங்க. நம்ம பய ஒருத்தன், ஆசையா கேட்டான்னு விட்டேன். இங்க பாருங்க, அவனே எழுதி வச்சிருக்கான். கட்டியது த. இனியவன்."

மைக்கில் ஏறி, பந்தலைத் தாண்டி, வாய்க்கால் கரை வரைக்கும் கேட்டது என் பெயர். ஏழு மாதம் எதைக் கேட்கக் காத்துக்கொண்டிருந்தேனோ, அது அட்சரம் பிசகாமல் வந்தது.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரிமோட்டில்தான் கோளாறு, பட்டை தலைகீழாக ஆடியது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? உனக்கு எப்படித் தெரியும், நீ பார்த்தாயா, பார்த்துவிட்டுமா சும்மா நின்றாய் என்பார்கள்.

"ஆமாங்க, நான்தான் கட்டுனேன்," என்றேன்.

பூர்ணிமா மேடம் பரவாயில்லை, முதல் முயற்சிதானே என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ராஜராஜன் அவருக்குக் குடை பிடித்துப் பந்தலுக்கு அழைத்துக்கொண்டு போனான். மைக்கில் அடுத்த விமானத்தைக் கூப்பிட்டார்கள்.

அப்பா வயலைக் குறுக்கே கடந்து வந்தார். தோளிலிருந்த துண்டை வரப்பில் விரித்து, உடைந்த மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். விலா எலும்புகளை நெல் மணி பொறுக்குகிற மாதிரி எடுத்தார்.

"உன் பேரச் சொன்னாங்க. அங்க நல்லா கேட்டுச்சு," என்றார்.

நான் உடைந்த மூக்கை எடுத்து அவர் துண்டில் வைத்தேன்.

"பாதைல எதுவும் தட்டலையே? வெடிப்பு எதையாச்சும் விட்டுட்டனா?"

"பாதை நல்லா இருந்துச்சுப்பா."

"அப்புறம் ஏன்டா விழுந்துச்சு? நீ பாக்காமயா விட்டிருப்ப?"

"பாத்தேன்ப்பா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த துண்டைப் பொறுக்கக் குனிந்தார்.